தயங்கும் இடம்

எப்போதும் விக்கினால் அது கோளாறு.
எப்போதாவது விக்கினால்
என் காதைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

தொண்ணூற்றாறாம் வருடத்து நிசான்.
புந்தா அரேனாஸில், மே மாதத்தில் ஒரு மதியம்,
காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது வாங்கினேன்.
செனோரா பார்ரியா சாவியை நீட்டி
"நல்ல வண்டி" என்றாள்,
வண்டியைப் பார்க்காமல்.

ஊருக்குள் வெண்ணெய்.
வடக்கே நெடுஞ்சாலை ஏறி, கடைசி கியரில்,
காலைப் பதமாக வைக்கும்போது மட்டும்
சொல்ல வந்ததை விழுங்கிய ஆள்போல்
அரை நொடி.
பிறகு ஒன்றுமே நடக்காத ஓட்டம்.

ஆளுக்கொரு வைத்தியம்.
அக்காள் புருஷன் நெல்சன் பிளக்கை மாற்றச் சொன்னான். மாற்றினேன்.
பெட்ரோல் போடும் பையன் ஃபில்டர் என்றான். அதையும்.
டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று
ஒருவன் ஒரு புட்டி ஸ்பிரிட்டை என் தலையில் கட்டினான்.
சம்பளத்தில் பாதி போயிற்று,
விக்கல் போகவில்லை.

ஜலசந்தியைப் பார்த்த தகரக் கொட்டகை எடெல்மிராவுடையது.
அவள் மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.
ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் விட்ட பிள்ளையாய்
சமர்த்தாகப் போய் வந்தது சனியன்.
எனக்கு வெட்கமாக இருந்தது.
அவளோ கையைத் துடைத்துக்கொண்டு
"இனி எதையும் மாற்றாதே. எழுது" என்றாள்.

எண் எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு,
வீடு வீடாய் கேஸ் மீட்டர் படிப்பவள்.
எழுதினேன், காலண்டர் தாளின் முதுகில்:

செவ்வாய். எதிர்காற்று. அறுபதில் விக்கல்.
வியாழன். காற்று முதுகில். தொண்ணூற்றைந்தில்.
சனி. காற்றே இல்லை (இந்த ஊரில் அதுவே செய்தி). எண்பதில்.
ஞாயிறு. விக்கல் இல்லை.
போகும்போதும் வரும்போதும் காலைத் தரையோடு அழுத்தியிருந்தேன்.
கோபம். அதற்குக் காரணம் வேறு.

எடெல்மிரா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"வேகத்தை விடு. உன் கால் எங்கே இருந்தது?"
எங்கே இருந்தது?
எல்லா நாளும் ஒரே இடத்தில்.
ஞாயிறு தவிர.

முள் வைத்த பழைய மீட்டரை எடுத்தாள்.
எண் காட்டும் மீட்டர் இதைத் தவறவிடுமாம்,
கணக்குப் போட்டு முடிப்பதற்குள் விஷயம் கடந்துவிடும்.
எஞ்சினை எழுப்பாமல் சாவியை மட்டும் திருப்பச் சொல்லி
த்ராட்டிலை விரலால் திறந்தாள்,
தூங்குகிறவன் இமையைத் திறப்பதுபோல.
முள் ஏறியது. ஏறியது.
ஓரிடத்தில் விழுந்தது.
எழுந்து, மறுபடி ஏறியது.

மறுபடி செய். அதே இடம்.
மறுபடி.
நாங்கள் இருவரும் பேசவில்லை.
வெளியே படகுக் கயிறுகள் கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

கழற்றிய சென்சாரைக் கத்தியால் பிளந்து காட்டினாள்.
உள்ளே நகக்கண் பிறைபோல் ஒரு கரித்தடம்.
அதில் ஓர் எள்ளளவு
தேய்ந்து வெளுத்திருந்தது.

அந்த மனிதன் வேகத்தைப் பிடித்து ஓட்டியதில்லை.
காலைப் பிடித்து ஓட்டியிருக்கிறான்.
காற்று எதிர்த்தால் மெதுவாக, தள்ளினால் விரைவாக,
எத்தனையோ வருடம்,
காலை மட்டும் நகர்த்தாமல்.
எங்கே போனான், யாரைப் பார்க்க,
அது கரியில் இல்லை.

உடைந்த வண்டி ஒன்றிலிருந்து வேறு சென்சார்,
பதினெட்டாயிரம் பேசோ, கூலி அவள் கேட்டது குறைவு.
இப்போது அந்த இடத்தைத் தாண்டுகையில்
எஞ்சின் தயங்குவதில்லை.
நான்தான் கொஞ்சம்.

ஆகஸ்டில், கடையில்,
உருளைக்கிழங்கைத் தராசில் வைத்தபடி
செனோரா பார்ரியா கேட்டாள், இன்னும் ஓடுகிறதா என்று.
ஓடுகிறது என்றேன்.
"எத்தனை தடவை சொல்லியிருப்பேன்,
கொஞ்சம் மிதியுங்களேன் என்று.
கேட்டால்தானே."

"தெரியும்" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
தராசின் முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.